அற்றோணி எழுதிக் கொடுக்கும் முன்

நல்லூர்த் திருவிழாவுக்கென்று நான்கு கிழமை விடுமுறையில் யாழ்ப்பாணம் போகிறோம். கூடவே ஒரு காணி அலுவலும் இருக்கும். அது முடியாமலே திரும்பும் நாள் நெருங்கிவிடும். கடைசி நாளில் சொந்தக்காரர் ஒருவருக்கு அவசரமாக அற்றோணி, அதாவது எங்களுக்காக அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போன முதல் கிழமையிலேயே நொத்தாரிசை (இப்படியான பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவரை) பாருங்கள். வெளிநாட்டில் இருந்து செய்வதென்றால் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, தபாலில் அனுப்பி என்று அலைய வேண்டும். ஊரில் நேரில் இருந்து வரைவை வரிவரியாக வாசித்துத் திருத்தலாம்.

'பொது' அற்றோணி, 'விசேட' அற்றோணி என்று இரண்டு உண்டு. முன்னதில் எல்லா அலுவலையும் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். என் அபிப்பிராயம், முடிந்தவரை விசேட அற்றோணியே கொடுக்க வேண்டும். எந்தக் காணி என்பதை உறுதி (காணிப் பத்திரம்) இலக்கம், காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை எல்லாம் போட்டு எழுதுங்கள். வாடகைக்குக் கொடுக்க மட்டுமா, விற்கவுமா? விற்றால் காசு யாருடைய கணக்குக்கு? வழக்குப் பேச வேண்டிவந்தால் நீதிமன்றத்தில் தோன்றவும் சட்டத்தரணியை நியமிக்கவும் அதிகாரம் உண்டா? எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதவேண்டும். ஆனால் அற்றோணியை வைத்து உங்கள் மரணசாதனத்தை (உயிலை) வேறு யாரும் முடிக்க முடியாது.

பெயர் விஷயத்தில் பலர் மாட்டுப்படுகிறார்கள். பழைய உறுதியில் ஒரு பெயர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் எழுத்து மாறி அல்லது தகப்பன் பெயர் முன்பின்னாகி இன்னொரு பெயர். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காணியை விற்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டியது. ஆகவே அற்றோணியையும் அதே ஒழுங்கில் முடிப்பதே பாதுகாப்பு. அதைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியவும் வேண்டும். சரி, கையெழுத்து வைத்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்.

தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள சீதனக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அக்கா அற்றோணி கொடுக்கிறா என்றால் அத்தானும் அதில் சேரவேண்டும். பங்குக் காணி என்றால் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை, அதாவது வெளியாருக்கு விற்குமுன் தாங்களே வாங்கும் உரிமை, உண்டு. அதற்கு 1947இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஆள் இவற்றைத் தெரியாமல் கையெழுத்து வைத்தால், பிறகு சகோதரங்களுக்குள் வழக்குத்தான்.

எங்கள் அம்மா கொக்குவில் வளவைப் பார்க்க மாமாவுக்கு அற்றோணி கொடுத்திருந்தா. அம்மா இலண்டனில் தவறிய பிறகு, மாமா நல்ல மனதோடு அதே கடதாசியை வைத்து வீட்டைக் குத்தகைக்குக் கொடுத்தார். கொடுத்தவர் இறந்தால் அற்றோணியும் அன்றோடு முடிந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. குத்தகை செல்லாது என்று தெரிந்தபோது, மூன்று நாட்டில் இருக்கிற நாங்கள் எல்லோரும் உரித்தாளர்களாகத் திரும்பக் கையெழுத்து வைக்கவேண்டி வந்தது. மாமாவுக்கு அது பெரிய மனவருத்தம். எனக்கு இன்றும் அது நெஞ்சில் இருக்கிறது.

உயிரோடு இருக்கும்போதும் அதை நீங்கள் இரத்துச் செய்யலாம். அதையும் எழுத்தில் முடித்துப் பதிய வேண்டும். அந்த ஆளுக்கும், வங்கிக்கும், குடியிருப்பவருக்கும் தெரியப்படுத்துங்கள். வாயால் சொல்வது போதாது.

புறப்படும்போது மூல உறுதியைப் பத்திரமாக வைத்துவிட்டு, பிரதியை மட்டும் அந்த ஆளிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவுகளைத் தேடிப் பாருங்கள்.