குரூப் 4 வழியாக மாநகராட்சி வேலை: வேலூர் பக்கத்துப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

வேலூர் மாநகராட்சியில் பில் கலெக்டர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆக வேண்டும் என்று படிப்பவர்கள் காட்பாடியிலும் குடியாத்தத்திலும் ஏராளம். அவர்களில் பலருக்கு மாநகராட்சியே தனியாக ஆள் எடுக்கும் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. அப்படி இல்லை. இந்தப் பணியிடங்களை தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமான டிஎன்பிஎஸ்சி மாநிலம் முழுவதற்கும் சேர்த்து குரூப் 4 தேர்வில் நிரப்புகிறது. நகராட்சி ஆணையர் (இரண்டாம் நிலை) பதவிக்கு குரூப் 2 எழுத வேண்டும். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் மாதிரியான பேரூராட்சிகளில் செயல் அலுவலர் (இரண்டாம் நிலை) ஆக குரூப் 2ஏ. பொறியாளர் பணியிடங்களுக்கு வேறு வழியும் உண்டு: 2024-ல் நகராட்சி நிர்வாகத் துறைக்கான அந்தத் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. எந்தப் பதவி எந்த அறிவிக்கையில் வருகிறது என்று தெரியாமல் காத்திருந்தே ஓரிரு வருடத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். “ஆபீசில் ஆள் இருக்கு, பணம் கொடுத்தால் உள்ளே போட்டுவிடுவார்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ரேங்க் பட்டியலுக்கு வெளியே இருந்து யாரும் இந்தத் தேர்வு வழியாக வேலைக்குள் வர முடியாது.

விண்ணப்பத்தில் நடப்பவை

ரூ.150 கட்டி ஓடிஆர் எனப்படும் நிரந்தரப் பதிவை முடித்ததும் விண்ணப்பித்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. ஓடிஆர் ஐந்து வருடம் செல்லும். ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் அதற்குள் நுழைந்து தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குரூப் 4-க்குத் தேர்வுக் கட்டணம் ரூ.100. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று முறை மட்டும் கட்டண விலக்கு. நான்காவது முறையும் அதே பெட்டியில் டிக் போட்டால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம். நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வருட உழைப்பை இழக்காதீர்கள். முன்பு எத்தனை முறை விலக்கு வாங்கினோம் என்று சந்தேகமாக இருந்தால் கட்டிவிடுவதே நல்லது.

வயது விஷயத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. வயது தாண்டிவிட்டது என்று தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தப் பதவிகளுக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. பொதுப் பிரிவினருக்கு 32, பிசி, எம்பிசிக்கு 34, எஸ்சி, எஸ்டிக்கு 37 என்று உச்ச வரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் பிளஸ் டூ அல்லது டிகிரி முடித்திருந்தால் உச்ச வயது வரம்பே கிடையாது. திருமணமாகி, குழந்தைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு படிக்க நினைக்கும் பெண்களுக்கு இது பெரிய வாசல். தெரியாமலே மூடி வைத்திருக்கிறார்கள்.

பிரவுசிங் சென்டரில் வேறொருவரை நிரப்பச் சொல்வதால் வரும் கோளாறுகளும் நிறைய. அவர் அவசரத்தில் தமிழ்வழியில் படித்தவரா என்பதற்கு “ஆம்” போட்டுவிடுவார். முந்தைய வாடிக்கையாளரின் மெயில் முகவரியே பதிவாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கடைசி நாள் முடிந்ததும் திருத்தம் செய்யச் சில நாட்கள் அவகாசம் தருவார்கள். அதையும் தவறவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது.

சான்றிதழ்கள்

எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவர்களும் விழுவது இங்கேதான். திருமணமான பெண்கள் சாதிச் சான்றிதழைத் தகப்பனார் பெயரில் வாங்கியிருக்க வேண்டும். கணவர் பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். பேர்ணாம்பட்டு, வேலூர் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் பிசிஎம் (பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்) ஒதுக்கீட்டைக் கேட்டால், சான்றிதழில் லெப்பை, தக்கனி, ஷேக், சையது போன்ற உட்பிரிவு தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே “இஸ்லாமியர்” என்று இருந்தால் போதாது.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இன்னொரு குழப்பம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டையில். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். பழைய சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்று இருக்கிறதே என்று விண்ணப்பத்திலும் அதையே போடாதீர்கள்; உங்கள் தாலுகா இன்று எந்த மாவட்டமோ அதைப் போடுங்கள்.

தமிழ்வழி ஒதுக்கீடான பிஎஸ்டிஎம் 20 சதவீதம். 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்கு ஒன்று முதல் பத்து வரை. இரண்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு மூன்றாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்திருந்தால் தகுதி இல்லை. உருது வழியில் படித்திருந்தாலும் இல்லை. மூன்று பள்ளிகளில் படித்திருந்தால் மூன்று தலைமை ஆசிரியர்களிடமும் டிஎன்பிஎஸ்சி தந்திருக்கும் படிவத்திலேயே கையெழுத்து வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமை ஆசிரியரைப் பிடிப்பது கஷ்டம். அறிவிக்கை வரும்வரை காத்திருக்காமல் இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

தேர்வு அறையில்

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ்; மீதி நூறில் 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதாவது நாற்பது கேள்வி சரியாக இருக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசி, சிபிஎஸ்இயில் படித்த பிள்ளைகள் பொது அறிவையே புரட்டிக்கொண்டிருந்துவிட்டு இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு முதல் பத்து வரையிலான சமச்சீர் தமிழ்ப் புத்தகங்களை அவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டும்.

விடைகளை வட்டம் நிரப்பிக் குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம். ஐந்தாவது வட்டமான ஆங்கில ‘இ’ (E), விடை தெரியவில்லை என்பதற்கு. எந்த வட்டத்தையும் நிரப்பாமல் கேள்வியை வெறுமையாக விட்டால் மார்க் கழிப்பார்கள். ஆனால் தவறான விடைக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. ஆகவே ‘இ’யை நிரப்புவதால் ஒரு லாபமும் இல்லை, நான்கில் ஒன்றை யோசித்துப் போட்டால் கிடைக்க வாய்ப்பாவது உண்டு. வினாத்தொகுப்பு எண்ணை எண்ணாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே உள்ள வட்டங்களை நிரப்ப மறப்பது அடிக்கடி நடக்கிறது. அதற்கும் மார்க் போகும். கறுப்பு மை பால்பாயிண்ட் பேனா மட்டும்தான். நீல மையில் நிரப்பிய தாள் செல்லாது. ஒரே கம்பெனி கறுப்புப் பேனா இரண்டு எடுத்துப் போங்கள். எல்லா விடையையும் வினாத்தாளில் குறித்து வைத்துக் கடைசி அரை மணியில் வட்டம் நிரப்பலாம் என்று இருக்காதீர்கள். 200 வட்டத்தை அவசரமாக நிரப்பும்போது ஒரு வரிசை தவறினால், அதற்குக் கீழே உள்ள எல்லா விடையும் தவறிவிடும். பத்துப் பத்தாக நிரப்பிக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு.

தேர்வு 9.30-க்கு என்றாலும் 9 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். குடியாத்தம், அணைக்கட்டு பக்கமிருந்து வருபவர்கள் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலையும் கணக்கில் வைத்துக் கிளம்ப வேண்டும். ஒரே பெயரில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் வேறு வேறு தெருவில் இருக்கும். ஹால் டிக்கெட்டில் உள்ள முகவரியை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

ரிசல்ட்டுக்குப் பிறகு

சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. காலியிடங்களைவிட அதிகம் பேரை அழைப்பார்கள். சென்னை கவுன்சிலிங்கில் உங்கள் முறை வரும்போது என்னென்ன துறை, என்னென்ன ஊர் மிச்சம் இருக்கிறதோ அதில்தான் தேர்ந்தெடுக்க முடியும். “வேலூர் மாநகராட்சி கிடைத்தால்தான் சேருவேன்” என்று அங்கே போய் நிற்காதீர்கள். எந்தெந்த ஊருக்குப் போகத் தயார் என்பதை வீட்டில் பேசி, வரிசையாக எழுதி எடுத்துப் போங்கள். சான்றிதழ் பதிவேற்றும் நாளும் கவுன்சிலிங் நேரமும் இணையதளத்திலும் எஸ்எம்எஸ், மெயிலிலும்தான் வரும், தபாலில் வராது. ஓடிஆரில் கொடுத்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்களுக்கு அந்தத் தேதி தெரிய வருவதற்குள் நாள் கடந்துவிடுகிறது.