மனைவிக்கு ரிடண்டன்சி கொடுப்பது எப்படி: எங்கள் சின்னக் கம்பனியை மூடியபோது நான் செய்த கணக்கு

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. இவர் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு ஒரு கடித உறையை என்னிடம் நீட்டினார். என் முழுப் பெயரும் வீட்டு விலாசமும் அதில் எழுதியிருந்தது. ஜூன் 30ஆம் திகதியோடு எனக்கு வேலை இல்லை என்று உள்ளே இருந்தது. ரிடண்டன்சி என்பது இதுதான்: வேலையே இல்லாமல் போவதால் ஆளை நிறுத்துவதும், அதற்குக் கொடுக்கும் இழப்பீடும். அந்தக் கடிதத்தை ரைப் செய்தவள் நான்தான். ஆனாலும் வாசிக்கும்போது தொண்டை அடைத்தது.

லண்டன் ஹாரோவில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தோம். கலியாண அழைப்பிதழ், விசிட்டிங் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ். இவர் டைரக்டர், பங்குகளும் இவர் பேரில். நான் சம்பளத்துக்கு வேலை செய்தவள்: பில் போடுவது, கணக்கு எழுதுவது, வாடிக்கையாளர்களோடு பேசுவது. 2016 ஏப்ரலில் சேர்ந்தேன். அழைப்பிதழெல்லாம் வாட்ஸ்அப்பில் போகத் தொடங்கியபின் வேலை வற்றிவிட்டது. யூனிட்டின் வாடகை ஒப்பந்தம் முடியும் நாளோடு மூடுவதாக முடிவெடுத்தோம்.

முடிவெடுத்த அன்றிரவே இவர் கேட்டார்: "முப்பதாயிரம் பவுண் வரைக்கும் வரியில்லையாம். அதை உம்மட பேரில போடுவமே?"

"நான் கிழமைக்குப் பதினொரு மணித்தியாலம் வேலை செய்தனான். அதுக்கு எவ்வளவு வருதோ அதுதான்" என்றேன்.

இதே கேள்வியைக் குடும்பமாகத் தொழில் செய்யும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 30,000 பவுண் என்பது வாங்குபவருக்கான வரி எல்லை. வேலை முடிவுக்கு வரும்போது கொடுக்கப்படும் இழப்பீட்டில் அவ்வளவுக்கும் வருமான வரி இல்லை. சட்டப்படியான ரிடண்டன்சியும் அந்த 30,000க்குள்தான் அடங்கும். வேலை செய்தவரிடம் கம்பனி விட்டுக்கொடுக்கும் மடிக்கணினியின் பெறுமதியும் அதில் சேரும். எல்லைக்கு மேலே போனால் அவர் வருமான வரி கட்ட வேண்டும். கம்பனி 15 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசுக்குக் கட்டும் சமூகக் காப்புறுதி) கட்ட வேண்டும். ஆனால் அந்தத் தொகையைக் கம்பனி தன் லாபத்தில் கழிக்கலாமா என்பது வேறு கேள்வி. கணவன்–மனைவி கம்பனிகள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

முதலில் பார்க்க வேண்டியது, இது உண்மையான ரிடண்டன்சியா என்பது. 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் சொல்வது எளிமையானது: தொழில் மூடப்பட வேண்டும், அல்லது அந்த இடத்தில் மூடப்பட வேண்டும், அல்லது அந்த வகை வேலைக்கு ஆள் தேவைப்படுவது குறைந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தொழிலே மூடப்பட்டதால் சந்தேகம் இல்லை. கம்பனி தொடர்ந்து நடக்கிறது, மனைவியை மட்டும் நிறுத்துகிறோம் என்றால், அவர் செய்த வேலை எங்கே போனது என்று காட்ட வேண்டும். காசைக் கொடுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவரே வீட்டிலிருந்து அதே பில்களைப் போட்டால் அது ரிடண்டன்சி அல்ல. மணவாழ்க்கை முறிந்ததற்காக நிறுத்துவதும் ரிடண்டன்சி அல்ல. அது வேறொரு வழக்கில் கொண்டுபோய் விடும்.

அடுத்தது தொகை. தொடர்ந்து இரண்டு வருடம் வேலை செய்திருக்க வேண்டும். 22 வயதுக்குக் கீழே வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரைக் கிழமைச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு கிழமை, 41 வயதிலிருந்து ஒன்றரைக் கிழமை. 20 வருடத்துக்கு மேல் எண்ணுவதில்லை. கிழமைச் சம்பளத்துக்கும் எல்லை உண்டு. நான் நின்ற 2025–26 வரி ஆண்டில் அது 719 பவுணாக இருந்தது. வருடங்களைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எனக்கு அந்த மார்ச்சில் 46 முடிந்தது. பின்னோக்கிப் பார்த்தால் 5 வருடம் முழுக்க 41க்கு மேல், மற்ற 4 வருடம் அதற்குக் கீழ். ஏழரையும் நாலும் பதினொன்றரைக் கிழமை. என் கிழமைச் சம்பளம் 140 பவுண். ஆக 1,610 பவுண்.

இவர் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்பது வருசத்துக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஓம், இவ்வளவுதான். வரியை மிச்சப்படுத்த மனைவியின் சம்பளத்தைக் குறைத்து வைக்கும்போது ரிடண்டன்சியும் அதோடு குறைகிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதற்காகக் கடைசி மூன்று மாதத்தில் சம்பளத்தைக் கூட்டி வைக்காதீர்கள். பே ஸ்லிப்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் யாருக்கும் கண்ணில் குத்தும்.

சட்டப்படியானதற்கு மேலே அன்போடு கூடுதலாகக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் தொழிலை நிரந்தரமாக மூடும்போது அந்தக் கூடுதல் தொகையில், சட்டப்படியான ரிடண்டன்சியின் மூன்று மடங்கு வரைதான் கம்பனி லாபத்தில் கழிக்க முடியும். 2009ஆம் ஆண்டின் நிறுவன வரிச் சட்டம், 79ஆம் பிரிவு. எங்கள் கணக்கில் 1,610க்கு மேல் 4,830. இரண்டும் சேர்ந்து 6,440 பவுண். 30,000 கொடுத்திருந்தால் மிச்சம் 23,560க்கும் கம்பனிக்கு வரிக் கழிவு இல்லை. அதோடு, வேலைக்காகக் கொடுத்ததா, முதலாளியின் மனைவி என்பதற்காகக் கொடுத்ததா என்ற கேள்வியும் எழும்.

அந்தக் கேள்வி பழையது. கோப்மன் எதிர் ஃபிளட் என்ற வழக்கு 1941ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. பன்றி வியாபாரம் செய்த குடும்பக் கம்பனி அது. தொலைபேசி அழைப்புகளைக் கவனித்த 17 வயது மகளுக்கு 2,600 பவுண் சம்பளம் போட்டிருந்தார்கள். காசைக் கொடுத்தது உண்மை என்பது போதாது, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகக் கொடுத்ததா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். இன்றைக்கும் மனைவியின் சம்பளத்தை எச்.எம்.ஆர்.சி. (பிரித்தானிய வரித் திணைக்களம்) அளப்பது அந்தக் கோலால்தான்.

ஆகவே ஆதாரம்தான் உயிர். என்னிடம் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. செவ்வாய் 9:30 முதல் 1:00, பில் 14, காசு தர வேண்டிய மூவருக்கு அழைப்பு என்று நாளுக்கு ஒரு வரி. சம்பளம் மாதாமாதம் என் பேரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போனது. வீட்டுச் செலவுக் காசோடு கலக்கவில்லை. மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகவும் இல்லை (2025 ஏப்ரலில் அது 12.21 பவுணாக இருந்தது). லிமிடெட் கம்பனிக்குக் குடும்பம் கிடையாது. முதலாளியின் குடும்பத்தவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கத் தேவையில்லை என்ற விலக்கு அதற்குப் பொருந்தாது. வேலை ஒப்பந்தம் 2016இலேயே கையொப்பமானது. மூடுகிற கிழமையில் பழைய திகதி போட்டு எழுதும் ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது, கவிழ்க்கும்.

நோட்டீஸ் காலத்தையும் (நிறுத்தப் போவதாக முன்கூட்டி அறிவிக்கும் காலம்) மறக்காதீர்கள். 2 வருடம் கடந்தபின் ஒரு முழு வருடத்துக்கு ஒரு கிழமை, உச்சம் 12 கிழமை. எனக்கு 9 கிழமை. வேலை செய்தே கழித்தேன். வேலை செய்ய விடாமல் அதற்குப் பதிலாகக் காசு கொடுத்தாலும் அது சம்பளமாகவே எண்ணப்படும்; 30,000க்குள் நுழையாது. எடுக்காத விடுமுறைக்கான காசும் அப்படித்தான். பே ஸ்லிப்பில் இவற்றைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். ரிடண்டன்சித் தொகை எப்படி வந்தது என்று எழுத்தில் கொடுப்பது சட்டக் கடமை. நான் எனக்கே அதைத் தயாரித்தேன், இவர் கையொப்பமிட்டார்.

கம்பனி தொடர்ந்து நடப்பதானால் இன்னொன்று. மனைவி போனபின் பே-ரோலில் டைரக்டர் ஒருவர் மட்டும் மிஞ்சினால், அடுத்த வரி ஆண்டிலிருந்து எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் கிடைக்காது. அது கம்பனி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸில் 10,500 பவுண் வரையான சலுகை. நிறுத்துவதற்கு முன் இதையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

காசில்லாமல் கம்பனி திவாலானால், ரிடண்டன்சி பேமென்ட்ஸ் சர்வீஸ் என்ற அரசு அமைப்புக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். மனைவி டைரக்டராகவோ பங்குதாரராகவோ இருந்தாலும் தொழிலாளியாக இருக்கலாம் என்று 2009இல் நியூஃபெல்ட் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். அங்கும் கேட்பது ஒப்பந்தமும் பே ஸ்லிப்பும் வங்கிப் பதிவும்தான்.

எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. ஜூன் 30 அன்று 1,610 பவுண் என் கணக்குக்கு வந்தது. அதற்கு மேல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அன்று பின்னேரம் யூனிட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு, நீலக் கொப்பியையும் பே ஸ்லிப் கோப்பையும் ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பே-ரோல் பதிவுகளை வரி ஆண்டு முடிந்து 3 வருடமும், கம்பனிக் கணக்குகளை 6 வருடமும் வைத்திருக்க வேண்டும்.