வெப் டிசைன் ப்ராஜெக்ட் முடிச்சாச்சு, ரிஃப்ளெக்‌ஷன் எப்படி எழுதுறது?

மல்டிமீடியா கோர்ஸ்ல வெப் டிசைன் பேப்பர் முடியும்போது, பண்ண ப்ராஜெக்ட் எல்லாத்தையும் திரும்பிப் பார்த்து ஒரு ரிஃப்ளெக்‌ஷன் எழுதச் சொல்லுவாங்க. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் படிக்கிற பசங்க இதை எங்கிட்ட காட்டும்போது பெரும்பாலும் 'முதலில் எச்டிஎம்எல் எழுதினேன், பிறகு சிஎஸ்எஸ் சேர்த்தேன், நிறைய கற்றுக்கொண்டேன்'னு ரெண்டு பக்கம் இருக்கும். அதைப் படிச்சா உங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. என்ன முடிவு எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்க, சைட்டைப் பார்த்தவங்களுக்கு அதனால என்ன ஆச்சு, இது இருந்தாதான் மார்க் போடுறவங்களுக்கும் நாளைக்கு வேலை குடுக்கிறவங்களுக்கும் உங்க யோசனை புரியும்.

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி பழைய ஃபைலையெல்லாம் தோண்டி எடுங்க. நோட்டுல பென்சில்ல போட்ட லேஅவுட், முதல் வெர்ஷன், கடைசி வெர்ஷன், வாட்ஸ்அப்ல ஃப்ரெண்டுக்கு அனுப்பின ஸ்க்ரீன்ஷாட், எது கிடைச்சாலும் சரி. ஞாபகத்துல இருந்து எழுதினா எல்லாம் ஆரம்பத்துலயே ப்ளான் பண்ண மாதிரி வந்துடும், ஆனா ரெண்டு வெர்ஷனைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா மெனுவை ஏன் மேல கொண்டுபோனீங்கன்னு தானா ஞாபகம் வரும்.

அப்புறம் சைட்டை லேப் கம்ப்யூட்டரை விட்டுட்டு ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன்ல, மொபைல் டேட்டால திறங்க. போன் திரை அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தச் சொல்ற வியூபோர்ட் டேக் விட்டுப்போயிருந்தா பக்கம் மொத்தமும் குட்டியா சுருங்கி நிக்கும், போன் கேமராவுல எடுத்த படத்தைச் சுருக்காம அப்படியே போட்டிருந்தா மேல இருந்து கோடு கோடா இறங்கும். க்ரோம்ல சைட்டோட வேகம் எல்லாம் சோதிச்சு மார்க் போடுற லைட்ஹவுஸ் டூலை ஓட்டி வர்ற நம்பரையும் குறிச்சு வச்சுக்கங்க.

இப்ப ஒரு உதாரணம். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடைக்கு சைட் பண்ணீங்கன்னு வச்சுக்குவோம். பித்தளைக்குப் பொருத்தமா இருக்கும்னு தங்க மஞ்சள் பேக்ரவுண்ட், அதுமேல வெள்ளை எழுத்து. ரிஃப்ளெக்‌ஷன்ல 'கலர் காம்பினேஷன் அழகாக உள்ளது'ன்னு எழுதினா அது அங்கயே நின்னுடும். அதையே எழுத்துக்கும் பேக்ரவுண்டுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை அளக்கிற கான்ட்ராஸ்ட் செக்கர்ல போட்டுப் பாருங்க, கோல்ட் கலர் மேல வெள்ளைக்கு 1.4:1 தான் வரும், எல்லாராலயும் சைட்டைப் பயன்படுத்த முடியணும்கிறதுக்கான டபிள்யூசிஏஜி விதிமுறை கேக்கிறது சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1. வெயில்ல கடை வாசல்ல நின்னு போனைப் பார்க்கிறவருக்கு விலையே தெரியாது. எழுத்தை அடர் அரக்கா மாத்தினா பித்தளைக் களையும் போகாது, அளவையும் தாராளமா தாண்டிடும். என்ன நினைச்சோம், என்ன ஆச்சு, எதால தெரிஞ்சுது, அடுத்து என்ன பண்ணோம், எல்லாம் அந்த ஒரே பத்தியில வந்துடுச்சு பாருங்க. இப்படி ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு முடிவை எடுத்து ஆழமா எழுதினா போதும், இருபது விஷயத்தைத் தொட்டுட்டுப் போக வேணாம்.

நம்ம பசங்க ரிஃப்ளெக்‌ஷன்ல தமிழ் எழுத்தைப் பத்தி ஒரு பத்தி கட்டாயம் இருக்கணும்னு நான் சொல்லுவேன், ஏன்னா இங்கிலீஷ் டுடோரியல்ல இது வரவே வராது. பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்சு ஒட்டியிருந்தா அந்த ஃபாண்ட் இல்லாத போன்ல வெறும் இங்கிலீஷ் எழுத்தாதான் தெரியும், தமிழ்ல தேடுறவங்களுக்கும் சிக்காது, அதனால எல்லா போனுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாத்தினீங்களா, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி வெப் ஃபாண்ட் போட்டீங்களான்னு எழுதுங்க. பழைய ஃபோட்டோஷாப் வெர்ஷன்ல பேனர் பண்ணும்போது தெற்காசிய மொழிக்கான டெக்ஸ்ட் ஆப்ஷன் ஆன் ஆகலைன்னா 'கோயில்'னு அடிச்சா கொம்பு தனியா கால் தனியா கலைஞ்சு நிக்கும், அந்த ஸ்க்ரீன்ஷாட் இருந்தா அப்படியே சேருங்க. வரி இடைவெளியும் பாருங்க, இங்கிலீஷுக்குச் சரியா இருக்கிற லைன் ஹைட்ல தமிழைப் போட்டா மேல் வரியோட 'கூ' வாலும் கீழ் வரியோட 'கீ' சுழியும் முட்டிக்கும்.

அப்புறம் ஆள் வச்சுப் பார்த்தது. மேட்டூர் நீர்மட்டம் காட்டுற பக்கம் ஒண்ணு பண்ணியிருந்தா, ஜூன் 12 தண்ணி திறப்பாங்களான்னு பார்த்துக் குறுவைக்கு நாத்து விடப்போற பெரியப்பா யார்கிட்டயாவது போனைக் குடுங்க. அவருக்கு முதல்ல வேணும்கிறது 120 அடியில இன்னிக்கு எத்தனை அடி. நீங்க மேல கல்லணை ஃபோட்டோ ஸ்லைடர் வச்சிருந்தா அவர் விரல் அந்த ஃபோட்டோவையே தட்டிக்கிட்டு இருக்கும். 'நல்லாருக்குப்பா'ன்னு அவர் வாயால சொன்னதை விட விரல் எங்க போச்சு, எங்க நின்னுச்சுங்கிறதைத்தான் எழுதணும்.

குழுவா பண்ண ப்ராஜெக்ட்னா உங்க பங்கு எதுன்னு பிரிச்சுச் சொல்லிடுங்க. பூட்ஸ்ட்ராப் மாதிரி ரெடிமேட் டிசைன் டெம்ப்ளேட் எடுத்திருந்தா அதையும் சொல்லுங்க, அதுல எதை மாத்தினீங்க எதை விட்டீங்கன்னு சொல்றதே நல்ல விஷயம்தான்.

நடை நீங்க பேசுற மாதிரி இருக்கட்டும், 'செய்யப்பட்டது' 'உருவாக்கப்பட்டது' எல்லாம் வேணாம், 'நான் மாத்தினேன்'னே எழுதுங்க. ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கீழ ஒரு வரி விளக்கம் போடுங்க. ஒரே ஃப்ரீ ஹோஸ்டிங்கை நம்பினா அது எப்ப வேணா நின்னுடும், அதனால சைட்டை ஏத்தி வைக்கிற இன்னொரு இடமான கிட்ஹப் பேஜஸ்லயும் ஒரு காப்பி ஏத்தி வச்சுட்டு, லிங்கை உங்க வீட்டு லேப்டாப்ல இல்லாம வேற யாரோட போன்லயாவது திறந்து படம் எல்லாம் வருதான்னு பார்த்துட்டு சப்மிட் பண்ணுங்க.