ரோமின் நிலத்தடிக் கல்லறைகளை வகுப்பில் விளக்கும் முறை

மார்த்தாண்டம் பக்கத்து மறைக்கல்வி வகுப்பில் ரோமின் நிலத்தடிக் கல்லறைகளை விளக்குவதற்கு முன், ஒரு வெட்டுக்கல்லை மேசைமேல் வையுங்கள். மண்ணுக்குள் எளிதாக வெட்டுப்பட்டு, காற்றுப்பட்டதும் இறுகும் அந்தக் கல்லைப் போன்றதே ரோமின் எரிமலைச் சாம்பல் பாறையும் என்றால், அத்தனை நீளச் சுரங்கங்களைத் தோண்டியது எப்படி என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும். பிறகு அட்டைப்பெட்டியின் பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் மாடங்களை அடுக்கடுக்காக வெட்டி, துணி சுற்றிய உடலை உள்ளே கிடத்தியபின் ஓட்டாலோ பளிங்குப் பலகையாலோ மூடி, சாந்து பூசி அடைத்ததைக் காட்டி, அதன்மேல் ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளங்களான மீனும் நங்கூரமும் வரையச் சொல்லுங்கள். நகருக்குள் புதைக்கச் சட்டம் இடம் தராததால் இவை வெளியே, சாலையோரங்களில் அமைந்தன. கிறிஸ்தவர்கள் இங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்ற கதையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; 313இல் வழிபாட்டு உரிமை கிடைக்கும்வரை அவர்கள் பெரும்பாலும் வீடுகளிலேயே கூடினார்கள்.