பசை போடாத அட்டை மாதிரி: நாடகக் குழுவோடு சேர்ந்து செட் அமைக்கும் முறை

வண்ணம் தீட்டி முடித்த படத்தோடு முதல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். இயக்குநர் நன்றாக இருக்கிறது என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சிக்கலெல்லாம் தட்டிகளை மேடையில் நிமிர்த்தும் நாளில்தான் வெளியே வரும். மற்றவர்கள் கைவைத்து நகர்த்திப் பார்க்கும்படி, செட்டின் சிறு அட்டை உருவம் ஒன்றைக் கொண்டுபோங்கள்.

அதற்கு முன் நாடகப் பிரதியை இரண்டு முறையாவது படியுங்கள். முதல் முறை பென்சில் வேண்டாம். இரண்டாவது முறை காட்சி வாரியாக அட்டவணை போடுங்கள்: இடம், நேரம், யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், கையில் என்ன, என்ன உடை. ‘கதவைத் தட்டுகிறாள்’ என்று பிரதியில் இருந்தால், கதவே வேண்டுமா, சத்தம் மட்டும் போதுமா என்று இயக்குநரிடம் கேளுங்கள். ஒரு கதவு குறைந்தால் காட்சி மாற்றமும் எளிதாகும். நிறத்தைப் பற்றிய பேச்சை இந்தக் கட்டத்தில் எடுக்கவே வேண்டாம். எடுத்தால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

அரங்கை நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அகலம், ஆழம், விளக்குக் கம்பியின் உயரம், தூண், அவசர வழி எல்லாம் வேண்டும். பழைய வரைபடத்தில் இல்லாத குழாய் ஒன்று சுவரில் ஓடலாம்.

இனி அட்டை மாதிரி. 1:25 அளவு கைக்கு வசதி. ஒரு மீட்டர் 4 செ.மீ. ஆகும், 170 செ.மீ. உயர நடிகர் 6.8 செ.மீ. அட்டை மனிதர். அந்த மனிதர் இல்லாத மாதிரியை யாரிடமும் காட்டாதீர்கள், உயரம் பற்றி எல்லோரும் ஏமாந்துபோவார்கள். வெள்ளை அட்டையிலேயே செய்யுங்கள். பசை போடாமல் குண்டூசியால் நிறுத்துங்கள். பக்கத்திரைகளையும் வையுங்கள். முன்வரிசையின் இரு கடைசி இருக்கைகள், பின்வரிசையின் நடு இருக்கை ஆகிய இடங்களில் கைபேசிக் கேமராவை வைத்துப் படமெடுத்து, எல்லோருக்கும் காட்டுங்கள். மூலையில் ஆசையாக வைத்த ஜன்னல் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது அப்போது புரியும். அதை எங்கே நகர்த்துவது என்று இயக்குநரையே நகர்த்தச் சொல்லுங்கள்.

ஒளியமைப்பாளரை இந்த வெள்ளை மாதிரிக் கட்டத்திலேயே கூப்பிட வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். கூரை மூடியிருந்தால் மேலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒளி அடைபடும், முகம் தட்டையாகத் தெரியும். சுவரை ஒட்டி நடிகர் நின்றால் நிழல் சுவரில் விழும். இரண்டு மீட்டர் இடைவெளி இருந்தால் ஒளியமைப்பாளருக்குக் கை ஓடும். வெள்ளைச் சுவர் ஒளியை வாங்கித் திருப்பி அடிப்பதால், அதன் முன்னால் முகம் மங்கிப்போகும். தரையில் பளபளப்புப் பூச்சு அடித்தால் விளக்குகளே தரையில் தெரியும்.

உடை வடிவமைப்பாளரோடு நிறம் பேசும்போது துணியை வைத்துப் பேசுங்கள். சுவருக்கு வாங்கப்போகும் அதே துணியில் 30 செ.மீ. சதுரத்துக்கு வண்ணம் அடித்து, மேலே உடைத் துணியைக் குத்தி, நாடகத்தில் வரப்போகும் ஒளியில் பாருங்கள். பச்சை ஒளியில் சிவப்பு கறுத்துவிடும். சோபாவும் சட்டையும் ஒரே நிறமாக இருந்தால், உட்கார்ந்ததும் ஆள் காணாமல் போவார். பாவாடை விரிவாக இருக்குமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்: 90 செ.மீ. வழி போதாது, 120 வேண்டியிருக்கும்.

படிகளின் உயரம் 15 முதல் 18 செ.மீ. இருக்கட்டும், ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு படி 2 செ.மீ. கூடினாலும் இருட்டில் கால் தடுக்கும். உள்ளே காலியான மேடைப்பலகை முரசு மாதிரி அதிரும். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஃபெல்ட் என்னும் தடித்த கம்பளித் துணியை வைத்தால் ஒலியமைப்பாளர் நிம்மதியாக இருப்பார்.

ஒத்திகை தொடங்கும் முன் தரைப்படத்தை (மேலிருந்து பார்த்த செட்டின் வரைபடத்தை), முழு அளவில், காட்சிக்கு ஒரு நிற டேப்பில் தரையில் ஒட்டச் சொல்லி மேடை நிர்வாகியிடம் கொடுங்கள். நடிகர்கள் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தால், அவர்களைத் திட்டாமல் அந்தச் சுவரின் இடத்தை மறுபடி பாருங்கள்.

மாற்றம் எதுவானாலும் வரைபடத்தில் தேதியும் எண்ணும் போட்டு, பழைய நகல்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள். தச்சர் கையில் பழைய நகல் ஒன்று தங்கிவிட்டால், நகர்த்திய கதவு பழைய இடத்திலேயே வந்து நிற்கும்.