பழைய காரின் கரி டப்பாவைப் பிரித்து மறுபடி கட்டுவது

நிறுத்தி வைத்த காரைச் சுற்றிப் பெட்ரோல் வாசனை வந்தால் முதலில் ஹோஸ்மீதுதான் சந்தேகம் போகும். என் பழைய கார்பரேட்டர் காரில் நானும் ஹோஸ்களை மாற்றினேன், டேங்க் மூடியின் ரப்பரையும் மாற்றினேன். வாசனை போகவில்லை. கடைசியில், கரி டப்பாவில் சேர்ந்த ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வைக் கழற்றித் தட்டியபோது உள்ளங்கையில் மிளகு மாதிரி கருப்புத் துகள்கள் விழுந்தன. கரி டப்பாவுக்குள் பஞ்சு மட்கி, கரி வெளியே வரத் தொடங்கியிருந்தது.

டேங்கில் எழும் ஆவி இந்த டப்பாவில் உள்ள, நுண்துளைகள் நிறைந்த ஆக்டிவேட்டட் கரியில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது வெளிக்காற்று கரி வழியாக இழுக்கப்பட்டு, அந்த ஆவியையும் சேர்த்துக்கொண்டு எஞ்சினுக்குள் போய் எரிகிறது. கரியைத் தாங்கும் பஞ்சு போய்விட்டால் இந்தப் பாதை முழுக்கத் துகள் அடைத்துவிடும். புது டப்பா கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காத காருக்குத்தான் இந்த வேலை.

எஞ்சின் ஆறட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸிலும், அது மாட்டியிருந்த முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். வேலையைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். அதனால் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். டப்பாவின் அடிமூடி ஒட்டிய கோட்டில் ஹேக்ஸா பிளேடைக் கையால் மெதுவாக இழுத்து அறுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும், கடைசி அங்குலத்தில் மூடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூசிக்கு முகக்கவசம் கட்டாயம்.

ஸ்பிரிங், ஓட்டைத் தகடு, பஞ்சு, கரி, மறுபடி பஞ்சு. இந்த வரிசையை ஒரு படம் எடுத்து வையுங்கள். சில டப்பாக்களில் நடுவே ஒரு தடுப்புச் சுவர் உண்டு. அதன் இரு பக்கமும் கரி நிரம்பியிருந்தால்தான் ஆவி குறுக்குவழியில் ஓடாது. பழைய கரியில் பெட்ரோல் ஊறியிருக்கும். அதை அடுப்பிலோ வெயிலிலோ காயவைத்து மறுபடி பயன்படுத்தப் பார்க்காதீர்கள். மூடிய உலோக டப்பாவில் போட்டு, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

புதுக் கரி குச்சி வடிவில், 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். மரத்திலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கரிதான் என் முதல் தேர்வு. தேங்காய் ஓட்டுக் கரியின் நுண்துளைகள் மிகச் சிறியவை, பிடித்த ஆவியை எளிதில் விடாது. அடுப்புக் கரி இதற்கு உதவாது. வாங்கியதைச் சல்லடையில் போட்டுத் தூசி போகும்வரை ஆட்டுங்கள், கழுவ வேண்டாம்.

பஞ்சு விஷயத்தில்தான் நான் அவசரப்பட்டேன். கையில் கிடைத்த சாதாரண ஸ்பாஞ்சை வெட்டி வைத்தேன், சில மாதங்களிலேயே பெட்ரோல் ஆவியில் பிசுபிசுத்துக் கரைந்தது. முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. இப்போது பாலியெஸ்டர் ஃபெல்ட், அதாவது இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணிதான் போடுகிறேன். டப்பாவின் உள்ளளவைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் ஓரத்தில் இடைவெளி விழாது. பிறகு கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, பக்கவாட்டில் தட்டித் தட்டி நிரப்புங்கள். குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. சத்தம் வந்தால் ஓடும் காரில் கரி உரசித் தூளாகிவிடும்.

மூடியை ஒட்ட சிலிகான் பசை வேண்டாம், பெட்ரோலில் அது ஊதிப்போகும். பெட்ரோல் தாங்கும் எபாக்ஸியை, பரப்பை நன்றாகச் சொரசொரப்பாக்கிய பிறகு பூசி, வெளியே ஒரு உலோகப் பட்டை போட்டு இறுக்குங்கள். ஒரு நாள் முழுக்க இறுகட்டும்.

அப்புறம் சோதனை. பர்ஜ் முனையை அடைத்துவிட்டு, டேங்க் முனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். வெளிக்காற்று முனையில் தடையில்லாமல் காற்று வர வேண்டும், ஒட்டிய கோட்டில் வரக்கூடாது. வாயால் உறிஞ்சிப் பார்க்கவே கூடாது. பர்ஜ் வால்வையும் ஹோஸையும் துகள் இல்லாமல் ஊதிவிட்டு மாட்டுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் அந்த ஹோஸை மட்டும் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். துணி சுத்தமாக இருந்தால் சரி.

இனி பெட்ரோல் போடும்போது பம்ப் முதல் முறை தானாக நின்றதும் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் பெட்ரோல் ஆவியாக இல்லாமல் திரவமாகவே டப்பாவுக்குள் வந்துவிடும், அந்தப் புதுக் கரியும் வீணாகும்.