டேலி ஆக வேண்டுமென்று எழுதும் கைமாத்து: வருமான வரி ரிட்டர்ன் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் முடியும் நேரத்தில் இன்னொரு சீசன் சூடு பிடிக்கும். கட்டைப்பையில் பில், பாஸ்புக், வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு கடைக்காரர்கள் கணக்கு ஆபீஸ் படியேறும் சீசன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அந்தப் பையைப் பிரித்து உட்காருவார்கள். நாங்கள் அந்த வயதில் பண்ணிய அதே கோணல்களைத்தான் இவர்களும் பண்ணுகிறார்கள். பான் எண்ணைத் தப்பாக அடிப்பது, கடைசித் தேதியை விடுவது இதெல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை வரித்துறை போர்ட்டலே சொல்லிக் கொடுத்துவிடும்.

வீட்டுக்கும் கடைக்கும் ஒரே கியூஆர் கோடு

வேண்டாம். இன்றைக்கே தனிக் கணக்கு தொடங்குங்கள்.

மார்ச் 31 சரக்கை ஜூலையில் எண்ணுவது

ஜூலையில் கேட்டால் "போன வருஷம் மாதிரியே போட்டுடுங்க சார்" என்பார்கள். துணிக்கடையில் அது ஓரளவு ஓடிவிடும். புளி வியாபாரத்தில் ஓடாது. இங்கே புளி வரத்தே பிப்ரவரி, மார்ச்சில்தான். வாங்கி குளிர்பதனக் கிடங்கில் ஏற்றிய மூட்டைகள் நிதியாண்டின் கடைசி நாளில் மலையாகக் கிடக்கும். கொள்முதலை முழுக்கச் செலவில் எழுதிவிட்டு இருப்பைக் குறைத்துக் காட்டினால், நல்ல லாபம் பார்த்தவரும் காகிதத்தில் நஷ்டக்காரராகிவிடுவார். மார்ச் 31 மாலை மூட்டையை எண்ணி, கிடங்கு ரசீதைப் போனில் படமெடுத்து வைத்தால் போதும்.

கைமாத்து

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இருப்புநிலைக் குறிப்பு எழுதும்போது இரண்டு பக்கமும் சேராது. கடை விரிவாக்கத்துக்குச் செலவான பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிற்கும். உடனே ஒருவர் யோசனை சொல்வார்: "மாமனார்கிட்ட கைமாத்து வாங்கினதா போட்டுடலாம்." ஒரே வரி, கணக்கு டேலி. அந்த வரியில்தான் கடைக்காரர் மாட்டுகிறார்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவின்படி இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. காசோலை, நெஃப்ட், யுபிஐ என்று வங்கி வழியாகத்தான் வர வேண்டும். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். வட்டியோ சதவீதமோ இல்லை, முழுத் தொகையும். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே கட்டுப்பாடு உண்டு, அது 269டி. மூன்று லட்சத்தை ரொக்கமாக வாங்கி ரொக்கமாகவே திருப்பிக் கொடுத்தவர் தலையில் ஆறு லட்சம் வரை தொங்கும்.

போச்சம்பள்ளி பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவருக்கு நடந்தது இது. உண்மையிலேயே மாமனார் கொடுத்த பணம், மாடு விற்றதும் மாங்காய் குத்தகையும் சேர்த்து மூன்று லட்சம். மஞ்சள் பையில் வந்தது, அப்படியே கடன் என்று எழுதியாயிற்று. கணக்கு ஆய்வுக்குப் போனபோது நோட்டீஸ் வந்தது. "விவசாயி கொடுத்த பணம்தானே சார், விவசாயத்துக்கு வரியே இல்லையே?" என்றார். பாதிதான் சரி. விவசாயிகளுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் இருக்க வேண்டும், இருவருக்குமே வரிக்கு உட்பட்ட வருமானம் இருக்கக் கூடாது. கடையில் வரி கட்டுகிறவர் அந்த விலக்குக்குள் நுழையவே முடியாது. ஆஸ்பத்திரி செலவு மாதிரி நியாயமான அவசரம் இருந்தால் அபராதத்திலிருந்து தப்பிக்க வழி உண்டு. அதற்கும் அவசரத்தை நிரூபிக்க வேண்டும். இவருக்கு இருந்த அவசரம் ஷெல்ஃப் அடிப்பதுதான். கடைசியில் அபராதம் கட்டினார். மாமனார் வீட்டுப் பேச்சுவார்த்தை வேறு கெட்டது.

இதைச் சொன்னதும் சில பிள்ளைகள் கெட்டிக்காரத்தனமாக, பதினைந்தாயிரமாகப் பிரித்து மூன்று தேதியில் எழுதுகிறார்கள். அதுவும் நிற்காது. ஒரே ஆளிடம் முன்பு வாங்கித் தீராமல் இருக்கும் பாக்கியையும் சேர்த்துத்தான் இருபதாயிரம் பார்க்கப்படும். "44ஏடியில் போடுறோம், புத்தகமே வேண்டாமே" என்பதும் உதவாது. அந்தப் பிரிவு, சிறு வியாபாரி முழுப் புத்தகம் இல்லாமல் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று கணக்கிடும் வழி மட்டும்தான். கடன் வாங்கும் முறைக்கு அதில் தள்ளுபடி கிடையாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, இந்தக் கட்டுப்பாடு போகவில்லை.

வாங்காத கைமாத்தை எழுதுவது இன்னும் மோசம். கொடுத்தவர் யார், அவருக்குக் கொடுக்கும் வசதி உண்டா, உண்மையில் கொடுத்தாரா என்று மூன்றையும் கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் அது உங்கள் வருமானம், அதுவும் கூடுதல் விகித வரியோடு. கணக்கு சேரவில்லையென்றால் சேராத காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் எழுதாமல் விட்ட விற்பனையோ வீட்டு நகைக்கடனோ அங்கே ஒளிந்திருக்கும். நிஜக் கடனாக இருந்தால் வங்கி வழியாக வாங்கி, கொடுத்தவரின் பான் எண்ணோடு ஒரு கையெழுத்துக் கடிதம் வாங்கி வையுங்கள். சொந்தக்காரரிடம் கடிதம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

மண்டிக் கமிஷனை 44ஏடியில் போடுவது

விற்பனையில் 8% லாபம், வங்கி வழி வரவுக்கு 6% என்று காட்டும் வசதி கமிஷன், தரகு வருமானத்துக்குக் கிடையாது. பாலக்கோட்டில் தக்காளியைத் தன் பணத்தில் வாங்கி விற்பவர் வரலாம். விவசாயி கொண்டுவந்ததை ஏலம் விட்டுக் கமிஷன் எடுப்பவர் வர முடியாது. இரண்டையும் ஒரே மண்டியில் செய்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம், அதனால் வருமானத்தைக் கேட்காமல் படிவத்தைத் திறக்காதீர்கள். அப்புறம், 8% என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் சம்பாதித்தவர் சம்பாதித்ததைத்தான் காட்ட வேண்டும்.

ரொக்கக் கொள்முதல்

புத்தகக் கணக்கு வைப்பவர் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அந்தச் செலவு வருமானத்தில் கழியாது. லாரி வாடகைக்கு வரம்பு 35,000. விளைவித்த விவசாயிக்கே கொடுத்தால் விலக்கு உண்டு. இடையில் வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கொடுத்தால் இல்லை. கொள்முதல் சீட்டில் விவசாயியின் ஊரும் கையெழுத்தும் இருக்கட்டும்.

முன்கூட்டிய வரி

44ஏடிக்காரர்களுக்கும் உண்டு. மார்ச் 15க்குள் கட்ட வேண்டும்.

ஆபீஸ் மெயிலில் வாடிக்கையாளர் கணக்கு

போர்ட்டலில் பதிவு செய்யும்போது ஓடிபி சீக்கிரம் வரட்டும் என்று நம் மொபைல், நம் மெயில் ஐடி போட்டுவிடுகிறோம். நோட்டீஸும் அங்கேயே வரும். பில்லிங் மென்பொருள் விளம்பரத்துக்கு நடுவில் அது கிடக்கும்போது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவருடைய எண், அவர் மகனோ மகளோ பார்க்கும் மெயில், இரண்டையும் போடுங்கள். ஏற்கெனவே நம்முடையது பதிவாகியிருந்தால் இந்த ரிட்டர்ன் போடும்போதே மாற்றிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.